இணைச்சீர்க்காரி

என் வாய் எனக்கு முன்னால் பிறந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன நியாயமான பேச்சு அது ஒன்றுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் நுணலோடு போயிற்று. என் வாய்க்கு என் அண்ணன் மகள் அல்லவா கத்திக்குக் கீழே படுக்கப் போனாள்!

நான் மருதாத்தாள். பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, நெல்லும் தென்னையுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் கந்தப்பன் எங்கள் சனத்துக்கு அருமைக்காரர், அதாவது கல்யாணச் சீர்களை நடத்தி வைக்கிறவர். அவர் கூட நின்று பெண்கள் பக்கத்துச் சீர்களைச் செய்கிற அருமைக்காரி நான். அந்த இடத்துக்கு வர புருஷன் உயிரோடு இருக்க வேண்டும், பிள்ளை பெற்றிருக்க வேண்டும், மொத்தத்தில் 'நெறஞ்ச பொம்பளை'யாக இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். முப்பது வருஷமாக நான் இல்லாமல் சுற்றுப்பக்கத்தில் ஒரு தாலி ஏறியதில்லை. அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

அண்ணன் சென்னியப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பிரதீபா, இளையவன் தனபால். பிரதீபாவைப் பையன் என்று நினைத்துத்தான் வளர்த்தோம். அப்போது வைத்த பெயரை நான் சொல்லப் போவதில்லை. இருபத்திரண்டு வயதில் அவள் அதை எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அண்ணன் ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. அண்ணி மட்டும் ஒரு மாதம் அழுதுவிட்டு, பிறகு "பாப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்ணை மூடுகிறவரைக்கும் அப்படியேதான் கூப்பிட்டாள். பிரதீபாவுக்கு இப்போது முப்பத்தொன்று. பாலக்காட்டில் ஒரு லேபில் இரத்தம் எடுத்துப் பார்க்கிற வேலை.

சித்திரையில் தனபாலுக்குப் பொள்ளாச்சிப் பக்கத்தில் மௌனிகா என்ற பெண் முடிவாயிற்று. ஆவணியில் கல்யாணம் என்றார்கள். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலிக்கு முன்னால், மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் வந்து அவன் பக்கத்தில் மணையில் உட்காருவாள். கூறைச்சேலையின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் பிடித்துக்கொள்வார்கள். நாளைக்கு ஒருத்தி வந்தாலும் உனக்கும் இந்த வீட்டுக்கும் உள்ளது அறாது என்று, சபை பார்க்க, உடன்பிறந்தாளுக்குக் கொடுக்கிற வாக்கு அது. என் அண்ணன் கல்யாணத்தில் நான்தான் இணைச்சீர்க்காரி. சேலையைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

கல்யாணப் பேச்சுக்கு எல்லோரும் அண்ணன் வீட்டில் கூடியிருந்தோம். "இணைச்சீருக்கு அக்காதான் உக்காரோணும்" என்றான் தனபால்.

பங்காளி நல்லமுத்து மூக்கைச் சுளித்தார். "அதெப்படிப்பா? அது பொம்பளை உக்கார்ற எடம். பெரியப்பன் புள்ளைக யாராச்சும் உக்காரட்டும்."

"எனக்கு அக்கா இருக்குது. பெரியப்பன் புள்ளை எதுக்கு?"

பேச்சு தடித்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நடுவில் புகுந்தேன். பெரிய நீதிபதி என்று நினைப்பு.

"சும்மா கெடங்க ரண்டு பேரும்! ஆப்பரேசன் முழுசா முடிஞ்சிருந்தா உக்காரட்டும். அரைகொறையா ஆரும் சீருக்கு உக்காரக் கூடாது. இதுதான் என்ற பேச்சு."

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. பிரதீபா அப்போது எங்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "சரிங்க அத்தை" என்றாள். அந்தச் சரியை நான் அன்றைக்குச் சரியாகக் கேட்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து போன் செய்தாள். "அத்தை, கொச்சியில ஆஸ்பத்திரிக்குப் போகோணும். ஆப்பரேசனுக்குப் பேசறதுக்கு. கூட ஒரு பைஸ்டாண்டர் வேணுமுன்னு சொல்லீட்டாங்க. நீங்க வர்றீங்களா?"

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணை இருக்கிறவரை அப்படித்தான் சொல்வார்கள். அம்மா இல்லாத பிள்ளை. "வராம? ஆரு போவா பின்னே?" என்றேன். நம் பேச்சுக்கு மரியாதை கொடுத்து முழுதாக முடித்துக்கொள்ளப் போகிறாள், நல்ல பிள்ளை என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொச்சியில் டாக்டரைப் பார்க்க நிறையப் பேர் காத்திருந்தார்கள். என் பக்கத்தில் அரும்பு மீசையோடு ஒரு பையன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"உனக்கென்னப்பா சீக்கு?"

"சீக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சிரித்தான். "நெஞ்சுல இருந்தத எடுத்துட்டாங்க. போன வருசம். இன்னைக்குச் சும்மா காட்டிட்டுப் போக வந்தேன். பேரு ஜோமோன். உடும்பஞ்சோலை."

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இவன் பிரதீபாவுக்கு எதிர்த்திசையில் வந்தவன்.

"வலிச்சுதா சாமி?"

"வலிக்கத்தான் செஞ்சுது. ஆனா முன்னாடி பட்டதுக்கு இது ஒண்ணுமேயில்லம்மா. ஏலக்காட்டுல வேலை. துணிய வச்சு நெஞ்ச இறுக்கிக் கட்டிக்கிட்டு மலை ஏறுவேன். மூச்சு முட்டும். எங்க மலையில வருசத்துல பாதி நாள் மழைதான். நனைஞ்சா சட்டை ஒட்டிரும்னு பயந்தே செத்தேன். இப்ப மழையில நிக்கேன். அது போதும்."

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்தது வேணுமா வேண்டாமான்னு நான் இன்னும் யோசிக்கல. எங்கம்மாதான் கேட்டுக்கிட்டே இருக்கு. 'ஆப்பரேசனுக்கு ஒண்ணுன்னு அந்தோணியாருக்கு எத்தனை மெழுகுவர்த்தி நேரட்டும்லே, ஒண்ணா, மூணா, சொல்லித் தொலை'ன்னு."

நான் சிரித்துவிட்டேன். பிரதீபா சிரிக்கவில்லை. கையில் இருந்த பைலின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மலையாளத்து அம்மாள். கோயம்புத்தூரில் படித்தவராம், தமிழ் நன்றாகவே வந்தது. "அத்தை உள்ள இருக்கலாமா?" என்று முதலில் பிரதீபாவைக் கேட்டார். அவள் தலையாட்டிய பிறகுதான் எனக்கு நாற்காலி காட்டினார்.

"டாக்டரம்மா, இந்த ஆப்பரேசன ஒரே வாட்டியில முடிச்சிரலாமுங்களா? ஆவணியில கல்யாணம் வெச்சிருக்குது" என்றேன்.

"ஏது ஆப்பரேஷன் அம்மா?"

"அதானுங்க. அந்த ஆப்பரேசன்."

"அப்படி ஒரே ஆப்பரேஷன்னு ஒண்ணு இல்லல்லோ" என்றார் டாக்டர். ஒரு வெள்ளைத்தாளை இழுத்து வைத்துக்கொண்டு படம் போட ஆரம்பித்தார்.

எனக்குக் காது சுட்டது. மாடு கன்று போடுவதற்குக் கை கொடுக்கிறவளுக்கு இதில் என்ன வெட்கம் என்று என்னை நானே அதட்டிக்கொண்டு கேட்டேன். பெண்ணாக வாழ்கிறவர்களில் சிலர் மார்பு வைத்துக்கொள்கிறார்களாம். மாத்திரையில் வளர்ந்ததே போதும் என்கிறவர்கள் அதுவும் செய்வதில்லை. சிலருக்குத் தொண்டையில் இருக்கிற முடிச்சு ஒன்றுதான் கண்ணாடியில் உறுத்தும். அதைச் செதுக்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். முகத்தெலும்பைத் திருத்துவது உண்டு, குரலுக்கென்று உண்டு. கீழே என்றால் அதிலும் பல மாதிரி. விதையை மட்டும் எடுத்துவிடுவது ஒன்று, அது சிறிய வேலை. வெளித்தோற்றத்தை மட்டும் பெண்ணுக்குப் போல அமைப்பது ஒன்று. உள்ளே வழியும் சேர்த்து அமைப்பது ஒன்று, அதுதான் பெரியது. பிரதீபா அதைத்தான் கேட்டு வந்திருந்தாள்.

"வெளிய இருக்கிற அந்தப் பையன் மாதிரி ஆளுகளுக்கு?" என்றேன்.

"பலருக்கும் நெஞ்சு மட்டும் போதும். சிலர் கர்ப்பப்பை எடுப்பாங்க. ஆணுறுப்பு அமைக்கணும்னா, இருக்கிறத வெச்சே சின்னதா செய்யறது ஒரு வழி. கையில இருந்தோ தொடையில இருந்தோ சதை எடுத்துச் செய்யறது வேற வழி, அது ரெண்டு மூணு தடவையா நடக்கும். ஆணும் இல்ல பெண்ணும் இல்லன்னு சொல்றவங்களும் வருவாங்க அம்மா. அதுல சிலருக்கு ஏதாவது ஒண்ணு மட்டும் வேணும். சிலர் பேசிட்டு, ஒண்ணுமே வேண்டாம்னு போயிருவாங்க. எல்லாருக்கும் ஒரே லிஸ்ட் இல்ல. அவங்கவங்க உடம்புல எது அவங்களை வாழ விடலையோ, அதுக்கு மட்டும்தான் என் கத்தி."

அதில் ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. "கர்ப்பப்பை எடுக்கறதுன்னா... பொம்பளைகளுக்கு எடுக்கறாங்களே, அதேதானுங்களா?"

"அதே ஆப்பரேஷன்தான்."

மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அது டாக்டருடைய தண்ணீர் என்பது குடித்த பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் பிரதீபாவின் பைலைத் திறந்தார். "பிரதீபா, ஆறு வருஷமா இங்க வர்றீங்க. ஒவ்வொரு தடவையும் நான் கேட்டு எழுதியிருக்கேன். 'கீழே எனக்கு எந்த ஆப்பரேஷனும் வேண்டாம். முகத்து முடிக்கு லேசர் மட்டும் போதும்.' இப்ப பெரிய ஆப்பரேஷன் வேணும்னு சொல்றீங்க. வேணும்னா செய்யலாம், உங்க உடம்புக்கு முடியும். ஆனா எந்தா இப்போள்? ஏன் இப்ப?"

"மனசு மாறிருச்சுங்க டாக்டர்."

"ஆரெங்கிலும் நிர்பந்திச்சோ? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லைங்க. ஆரும் சொல்லலை."

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. ஊரில் யார் வீட்டு அடுப்பு புகைந்தாலும் எட்டிப் பார்த்துக் கேட்கிற என் வாய், பேச வேண்டிய நேரத்தில் பசை தடவினதுபோல ஒட்டிக்கொண்டது. ஒரு டாக்டர் முன்னால் என்னைக் குற்றவாளியாக ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை.

டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பல மணி நேரம் நடக்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். உள்ளே அமைத்த வழி தூர்ந்து போகாமல் இருக்க ஒரு கருவியைத் தினமும் வைத்து எடுக்க வேண்டும், மாதக்கணக்கில். பிறகும் வாழ்நாள் முழுக்க அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலருக்குப் புண் ஆறத் தாமதமாகும், மறுபடியும் திறக்க வேண்டி வரலாம். "வேணும்னு ஏங்கினவங்க இதையெல்லாம் சந்தோஷமா தாங்கிக்குவாங்க. நான் பார்த்திருக்கேன். பிறகு அவங்க சிரிக்கிற சிரிப்பே வேற. ஆனா செஞ்சா செஞ்சதுதான். திரும்பி வர வழி இல்ல" என்றார்.

"மூணு மாசத்துல மணையில சம்மணம் போட்டு உக்கார முடியுங்களா?" என்று பிரதீபா கேட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவரிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். "போயி சாயா குடிச்சிட்டு வாங்க. ரெண்டு மணிக்குப் பேசலாம்" என்றார்.

கேண்டீனில் இரண்டு டீயும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் வாங்கி வந்தாள். நான் தொடவில்லை.

"ஏம் புள்ளெ, உனக்கு இது வேணுமா?"

"டீங்களா?"

"வெளையாடாத. பல்லைப் பேத்துப்போடுவேன். ஆப்பரேசன்."

அவள் டீயைத் தள்ளி வைத்தாள். "எனக்கு இந்த ஒடம்பு போதுமுங்க அத்தை. நான் பொம்பளைதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆப்பரேசன் வேண்டாம். ஆனா சீர் வேணும்."

"அடி கழுதை! ஒரு நாள் சீருக்கு..."

"ஒரு நாளுங்களா? நீங்க அப்பன் கல்யாணத்துல உக்காந்ததை இன்னிக்கு வரைக்கும் சொல்லீட்டுத்தானே இருக்கறீங்க?" அவள் குரல் உடைந்தது. "அம்மா போயிட்டாங்க. அப்பன் இப்பத்தான் பேசறாரு. நாளைக்கு மௌனிகா வந்து ஊடு அவளுது ஆயிரும். நான் ஆருன்னு சபையில ஒரு வாட்டி சொல்லீட்டாப் போதும். அதுக்கு ஒடம்பை அறுக்கோணும்னா அறுத்துட்டுப் போகுது."

சாப்பிடுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். முப்பது வருஷம் எத்தனை பெண்பிள்ளைகள் கையில் சேலை முனையைக் கொடுத்தேன்! அதை வாங்க ஒருத்தி இந்த விலை கொடுப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன். ஆருகிட்டயும் சொன்னதில்லை. பதினேழு வருசத்துக்கு முன்னாடி நான் கோயமுத்தூர்ல பித்தப்பைக் கல்லுன்னு ஆப்பரேசன் பண்ணீட்டு வந்தேனே, ஞாபகமிருக்குதா?"

"நெம்ப நல்லா இருக்குதுங்க. ஒரு மாசம் நாந்தானே உங்களுக்குக் கஞ்சி கொண்டாந்து குடுத்தேன்."

"அது கல்லில்லை. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. உதிரம் நிக்காமப் போச்சு. உங்க மாமனுக்கும் உங்கம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்."

"அதை ஏனுங்க மறைச்சீங்க?"

"நெறஞ்ச பொம்பளை இல்லைன்னு சீருக்குக் கூப்பிடாம உட்டுருவாங்கன்னு பயம். இத்தனைக்கும் எடுத்துப் போட்டப்பறம் ஒரு நாளாச்சும் நான் பொம்பளையான்னு எனக்கே சந்தேகம் வந்ததில்லை. எனக்கு ஒரு நாயம், உனக்கு ஒரு நாயம் வெச்சுட்டனே, பாவி!"

பிரதீபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மாசம் கஞ்சி சொமந்தேன். எனக்கு ஒரு மெதுவடை கூடக் குடுக்கலை நீங்க" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன். பழம்பொரி ஆறிப்போயிருந்தது. அதைத் தின்றோம்.

இரண்டு மணிக்கு உள்ளே போனதும் உட்காருவதற்கு முன்பே சொன்னேன். "டாக்டரம்மா, நிர்பந்திச்சது நாந்தானுங்க. இவளுக்கு லேசர் மட்டும் போதும். சீருக்கு நான் பொறுப்பு."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "பிரதீபா, நீங்க சொல்லுங்க" என்றார்.

"எனக்கு வேண்டாமுங்க டாக்டர்" என்றாள். அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். எத்தனை நாளாகத் தூக்கி வைத்திருந்தாளோ.

ஆவணி வந்தது. கொல்லங்கோட்டு மண்டபத்தில் கல்யாணம். தனபால் மணையில் உட்கார்ந்திருந்தான். பிரதீபா மாம்பழ மஞ்சளில் பட்டுக் கட்டி, தலைநிறையப் பூ வைத்து, மேடை ஏறினாள். நான் அவள் நெற்றிக்குத் திருநீறு எடுத்தேன். கீழே முதல் வரிசையிலிருந்து நல்லமுத்து எழுந்தார்.

"மருதக்கா, சித்த நில்லுங்க. அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க? முழுசா முடிஞ்சுதான்னு சபைக்குச் சொல்லீட்டு உக்கார வெய்யுங்க."

மேளம் நின்றது. பெண் வீட்டார் எல்லோரும் பார்த்தார்கள். பிரதீபாவின் முகம் வெளுத்துப் போயிற்று. தனபால் மணையிலிருந்து எழப்போனான். நான் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தேன்.

"சொன்னேன், தம்பி. சொன்னது நான்தான். தப்பாச் சொன்னேன்" என்றேன். "முழுசா இருக்கறவங்கதான் சீருக்கு வரோணும்னா, மொதல்ல நான் இந்த மேடைய உட்டு எறங்கோணும். எனக்குக் கர்ப்பப்பை எடுத்துப் பதினேழு வருசமாச்சு. பித்தப்பைக் கல்லுன்னு உங்க எல்லார்த்துகிட்டயும் பொய் சொன்னேன். அதுக்கப்பறம் உன்ற ரண்டு புள்ளைகளுக்கும் தாலிக்கு முன்னாடி இந்தக் கைதான் சீர் செஞ்சுது. அந்தக் கல்யாணமெல்லாம் செல்லாதா? செல்லாதுன்னு சொல்லு, நான் எறங்கறேன். எறங்கறப்ப இவளையும் கூட்டீட்டுப் போறேன்."

இதற்கு விலை உண்டு என்று தெரிந்துதான் சொன்னேன். பின்னால் கார்த்திகையில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு வேறு அருமைக்காரியை வைத்தார்கள். வைக்கட்டும்.

நல்லமுத்து வாயைத் திறந்தார். அவர் பெண்சாதி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, பேசாம உக்காருங்க" என்றாள். அவள் ஏன் இழுத்தாள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் சென்னியப்பன் இத்தனை நேரமும் மேடையின் ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வந்து, மடித்து வைத்திருந்த கூறைச்சேலையைத் தன் கையாலேயே எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். "பாப்பா கையில குடுங்க, மாப்பிள்ளை" என்றார். அண்ணி கூப்பிட்ட பெயர். அண்ணன் வாயில் அதை நான் முதல்முதலாகக் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு முனையைத் தனபாலிடமும் மறுமுனையைப் பிரதீபாவிடமும் கொடுத்தார். மேளம் ஆரம்பித்தது. நான் குனிந்து அவள் நெற்றியில் திருநீறு வைத்தேன். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அத்தை, பித்தப்பைக் கல்லு இப்ப பரவாயில்லைங்களா?" என்றாள்.

சபைக்குத் தெரியாமல் அவள் தொடையில் கிள்ளினேன். அவள் சேலை முனையை விடவில்லை.